பதின்மூன்று கிராம்

காய்ந்த துணி பதினெட்டு.
நனைந்தது முப்பத்தொன்று.
கழித்து எழுதுகிறேன்: பதின்மூன்று.
மூன்று மணி நேரத்தில் ஒரு பிள்ளை
உலகத்துக்குத் திருப்பிக் கொடுத்தது இவ்வளவு.

டிக்கோயாவில் மழை தகரத்தை அடிக்கும் இரவில்
என் வேலை இதுதான், மூத்திரம் நிறுப்பது.
சிரிக்காதீர்கள்.
தங்கம் நிறுப்பவனுக்கும் இத்தனை நடுக்கம் இராது.

பெயர் வைக்கவில்லை இன்னும்.
அட்டையில் 'ஜெயமாலினியின் பெண்பிள்ளை'.
ஏழு வாரம் முந்திக்கொண்டவள்,
பிறந்து பத்தொன்பது நாள்,
ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம்.
மூன்று நாளாய் அந்த நாற்பது
நாற்பத்தொன்று ஆகவில்லை.
பால் இறங்குகிறது. காய்ச்சல் இல்லை.
நெஞ்சில் குழல் வைத்தால் சளியின் முனகல்கூட இல்லை.
மூச்சு மட்டும்
ஏற்றத்தில் கொழுந்து மூட்டை சுமப்பவள் போல்
வேகமாய், ஆழமாய்.

எதைச் சுமக்கிறாய், மகளே?

நூல் போன்ற மணிக்கட்டு நாடியில்
டொக்டர் நஸ்ரினா அரை மில்லி எடுத்தார்.
எங்கள் மெஷின் தைப்பொங்கலில் படுத்தது, எழவில்லை.
நுவரெலியாவுக்கு அனுப்ப வேண்டும், ஐஸில் புதைத்து.
ஐஸ்!
விரல் விறைக்கும் ஊரில், நடுச்சாமத்தில்,
ஐஸ் தேடி ஓடினான் தகப்பன் தியாகு.
மீன்கடைக்காரரைத் தட்டி எழுப்பி
ஷொப்பிங் பையில் கொண்டுவந்தான், சாளை வாடையோடு.
அந்த வாடையோடேயே மலையேறிப் போனது
அவள் இரத்தம்.

விடியுமுன் தொலைபேசியில் வந்தது எண்:
ஏழு தசம் இரண்டு ஒன்று.
"ஏழு தசம் நாலு இருக்கணும்னா,
இது அவ்வளவு தூரமா மிஸ்ஸி?"
எப்படிச் சொல்வேன்,
நகக்கண் அளவு சறுக்கலில்
ஓர் உடம்பே உருண்டுவிடும் என்று.
"இரத்தம் புளிச்சிருக்கு" என்றேன்.
வேறு சொல் வரவில்லை.

அவன் உடனே தலையாட்டினான்.
கவாத்து முடிந்த மலையில் டொலமைட் வீசுவது அவன் வேலை.
"மண்ணு ரொம்பப் புளிச்சா தேயிலையே திங்காது மிஸ்ஸி.
எவ்வளவு ஒரம் கொட்டினாலும்
நின்ன எடத்துலயே நிக்கும்."
அசையாத அந்த நாற்பதை
இதைவிடத் தெளிவாய் எந்த வகுப்பிலும்
எனக்கு யாரும் சொன்னதில்லை.

டொக்டர் தன் பெருவிரலைக் காட்டினார்:
சிறுநீரகம் ஒவ்வொன்றும் இதைவிடச் சின்னது.
நோய் இல்லை, இன்னும் பழகவில்லை.
உள்ளே இருந்தவரை
எல்லாம் கழுவி ஊற்றியது தாயின் உடம்பு.
இப்போது திடீரெனத் தனியே.
புளிப்பை வெளியே தள்ளத் தெம்பில்லை,
காக்க வேண்டிய காரத்தை
விரலிடுக்கில் நழுவவிடுகிறது.
மூச்சுத்தான் பாவம்,
அதன் பங்கையும் சேர்த்துச் செய்கிறது,
அரைப் பேருக்கு
இரண்டு ஆள் கொழுந்தை ஒருத்தி எடுப்பதுபோல்.

மருந்து வந்தது. துளி எண்ணிப் பாலில் கலந்தோம்.
ஜெயமாலினி போத்தலை முகர்ந்தாள்.
"அப்பச்சோடாவா?"
அந்த இனந்தான். ஆனால்
வீட்டுச் சோடாவைத் தொட்டுவிடாதே, என்றேன்,
கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும்.
குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.
அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்,
ஏற்கெனவே கலந்துவிட்டவள் போல்.
அது இன்னும் என்னை உறுத்துகிறது.

ஐந்தாம் இரவு மூச்சை எண்ணினேன்.
நம்பாமல் மறுபடி எண்ணினேன்.
நாற்பத்தாறு.
காலையில் தராசு சொன்னது:
ஆயிரத்து அறுநூற்று அறுபத்திரண்டு.
ஜெயமாலினி முள்ளையே பார்த்தாள்.
தராசுகளை அவளுக்குத் தெரியும்.
கொழுந்து மடுவத்தில் தண்ணீருக்கென்று
நாளுக்கு இரண்டு கிலோ வெட்டுவார்கள்.
"துணிக்குக் கழிச்சிட்டீங்களா?"
கழித்தாயிற்று.
"சாக்குக்கு?" என்றாள்,
அப்புறம்தான் சிரித்தாள்.

தியாகு பெரட்டுக்குப் போய்விட்டான்.
துணி மாற்றும் நேரம்.
எடுத்தேன், சூடாக இருந்தது.
தராசில் வைக்குமுன்
கொஞ்ச நேரம்
கையிலேயே வைத்திருந்தேன்.